ஸ்கிரீன்கேப் கலரிங்: முகம் ஏன் ஆரஞ்சாகிறது, சுவர் ஏன் கட்டம் கட்டமாகிறது

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு தொடரின் இரவுக் காட்சியிலிருந்து ஸ்கிரீன்கேப் (வீடியோவின் ஒரு ஃப்ரேமைப் படமாகச் சேமித்தது; சுருக்கமாகக் கேப்) எடுத்து, நெட்டில் கிடைத்த கலரிங் பிஎஸ்டி (நிறமாற்ற அடுக்குகள், அதாவது லேயர்கள், கொண்ட ஃபோட்டோஷாப் கோப்பு) ஒன்றை ஃபோட்டோஷாப்பில் அதன் மேல் போட்டால், முகம் ஆரஞ்சாகிறது; இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கிறது. பின்னால் உள்ள சுவர் கட்டம் கட்டமாக உடைகிறது. மற்றவர்களின் எடிட்டில் மட்டும் ஏன் இப்படி வருவதில்லை, எந்த லேயர் எந்த வரிசையில் வர வேண்டும்?

பிஎஸ்டி மேல் குற்றமில்லை. கலரிங் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, உள்ளே இருப்பது இரண்டு வேலை. முதலாவது திருத்தம்: அந்தக் காட்சியின் விளக்கொளி படத்தில் பூசிய சாயத்தை எடுப்பது, இருட்டைத் திறப்பது, தோலைத் தோலாக்குவது. இரண்டாவது ஒப்பனை: நீலநிழல், ரோஜாப் பின்னணி, பழைய ஃபிலிம் வாடை என்று நமக்குப் பிடித்ததைச் சேர்ப்பது. நீங்கள் இறக்கிய பிஎஸ்டியில் இரண்டும் ஒரே அடுக்காகக் கலந்து கிடக்கும். அதிலுள்ள திருத்தம் வேறு யாரோ, வேறு ஏதோ காட்சியின் பச்சை விளக்கை ஓட்டப் போட்டது. உங்கள் காட்சியில் மஞ்சள் விளக்கு. அவர் மருந்து உங்கள் நோய்க்கு எப்படிக் கேட்கும்? திருத்தம் ஒவ்வொரு கேப்புக்கும் தனி, ஒப்பனை எல்லாவற்றுக்கும் பொது. இந்த இரண்டையும் இரண்டு தனி குரூப்பாக வைக்கப் பழகினால் மேலே சொன்ன தொல்லை பெரும்பாலும் போய்விடும். எப்படி என்று பார்ப்போம்.

கேப்பிலேயே கெடுவது

ஓடும் வீடியோவை நிறுத்தி பிரின்ட் ஸ்கிரீன் அடித்தால் கிடைப்பது மானிட்டர் அளவுக்கு இழுக்கப்பட்ட படம்; வீடியோவின் உண்மையான ஃப்ரேம் அல்ல. பிளேயரின் சொந்த ஸ்னாப்ஷாட்டையே பயன்படுத்துங்கள். விஎல்சி பிளேயரில் ‘இ’ (E) விசை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும்; விண்டோஸில் ஷிஃப்ட்டோடு ‘எஸ்’ அடித்தால் படம் சேமிக்கும். எம்பிவி பிளேயரில் புள்ளி விசை ஒரு ஃப்ரேம் முன்னால், காற்புள்ளி ஒரு ஃப்ரேம் பின்னால்; ‘எஸ்’ அடித்தால் சப்டைட்டிலோடும், ஷிஃப்ட்டோடு ‘எஸ்’ அடித்தால் சப்டைட்டில் இல்லாமலும் சேமிக்கும். எம்பிவி நாம் சொல்லாவிட்டால் ஜேபெக்காகத்தான் சேமிக்கும், அமைப்புக் கோப்பில் பிஎன்ஜி என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே நசுங்கிய வீடியோவை ஜேபெக் இன்னொரு முறை நசுக்குவானேன்? ஸ்ட்ரீமிங் ஆப்பில் கேப் கறுப்பாக வந்தால் அது பழுதல்ல, பிரதிக் காப்பு. அங்கே மல்லுக்கட்டாமல், கையில் இருக்கும் டிஸ்க், நிறுவனமே வெளியிட்ட 1080 டிரெய்லர், விளம்பரப் படங்கள் என்று போவது நல்லது.

ஃப்ரேம் தேர்வில் அவசரப்படாதீர்கள். பிட்ரேட் (நொடிக்குச் செலவிடும் தரவின் அளவு) குறைந்த வீடியோவில் ஷாட் மாறிய உடனே வரும் ஓரிரு ஃப்ரேம்கள் கலங்கலாக இருக்கும், பிறகுதான் தெளியும். தலை திரும்பும் நொடியும் வேண்டாம். வசனம் முடிந்து நடிகர் ஒரு கணம் நிற்பாரே, அந்த இடத்தில் ஏழெட்டு ஃப்ரேம் எடுத்து, கண்ணின் கருவிழி எதில் கூர்மையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் ஏன் உடைகிறது என்பதற்கான முதல் காரணமும் இங்கேதான். டிஸ்க்கோ ஸ்ட்ரீமோ, வீட்டுக்கு வரும் வீடியோ எல்லாம் அநேகமாக 4:2:0 என்ற முறையில் இருக்கும். வெளிச்ச விவரம் முழுதாக, நிற விவரம் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. அதாவது 1920×1080 படத்துக்குள் நிறம் 960×540 அளவில்தான் இருக்கிறது. மற்றதைப் பிளேயர் ஊகித்து நிரப்புகிறது. சிவப்புப் புடவை, சிவப்பு உதட்டுச்சாயம் இவற்றின் விளிம்பில் படிக்கட்டு மாதிரி வருவது இதனால்தான். இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் உண்டு: 1080 கேப்பை 540 அகலத்துக்குச் சுருக்கிவிட்டால் நிறக்குறை கண்ணில் படாது. 720 வீடியோவில் நிறம் 640×360 தான். அதை வால்பேப்பர் அளவுக்கு இழுத்துக் கலரிங்கும் செய்தால் எந்த வித்தையாலும் மறைக்க முடியாது.

எச்டிஆர் (மிகு ஒளிவரம்பு வீடியோ) கோப்பிலிருந்து எடுத்த கேப் சாம்பல் பூத்து வெளிறியிருக்கும். அதைக் கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிறத்தையும் வளைகோட்டால் மாற்றும் கருவி) போட்டு மீட்கப் பார்க்காதீர்கள்; சாதாரண எஸ்டிஆர் 1080 கோப்பு இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் டோன் மேப்பிங் (அந்த ஒளிவரம்பைச் சாதாரணத் திரைக்கு இறக்குவது) செய்யும் எம்பிவி போன்ற பிளேயரில் எடுங்கள். ஒளிபரப்பிலிருந்து பதிந்த 1080i வீடியோவில் (ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறிக் காட்டும் இன்டர்லேஸ் வகை) கை அசைந்த இடமெல்லாம் சீப்புப் பல் தெரியும். டீஇன்டர்லேஸைப் போட்டுவிட்டு கேப் எடுக்க வேண்டும். பழைய அகலத்திரை டிவிடியின் கேப் 720×576 என்று வந்து முகங்கள் ஒல்லியாகத் தெரிந்தால், உயரத்தைத் தொடாமல் அகலத்தை 1024 ஆக்குங்கள். 720×480 ஆனால் 854. படம் மொத்தமும் கறுப்பு அடர் சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் இருந்தால், பிளேயர் 16 முதல் 235 வரையான வீடியோ வரம்பை 0 முதல் 255 வரை விரிக்கவில்லை என்று அர்த்தம். லெவல்ஸ் கருவியில் உள்ளீட்டின் இரு முனைகளையும் 16, 235 என்று வைத்தால் சரியாகிவிடும்.

திருத்தம்

முதல் வேலை வெட்டுவது. மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையோடு இன்னும் 2 முதல் 4 பிக்சல் சேர்த்து வெட்டுங்கள், ஏனென்றால் பட்டையை ஒட்டிய வரிசை பெரும்பாலும் பாதிக் கறுப்பாக இருக்கும். பட்டையை வைத்துக்கொண்டே ஆட்டோ கலர் போட்டால் அந்தக் கறுப்பையும் படமென்று எண்ணிக் கணக்குப் போடும். டிவி சேனலின் லோகோ மூலையில் இருந்தால் இந்த வெட்டிலேயே அதையும் வெளியே தள்ளப் பாருங்கள். வெட்டியதும் படத்தை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். வீடியோவில் இல்லாத விவரம் இதனால் வந்துவிடாது. ஆனால் பத்து அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (மூலப் படத்தைத் தொடாமல் மேலிருந்து மாற்றும் அடுக்கு) அடுக்கும்போது ஒவ்வொன்றும் எண்களை முழுதாக்கி முழுதாக்கி வானத்தைப் பட்டை பட்டையாக்குவது நிற்கும்.

இனி சாயம். படத்தில் வெள்ளை அல்லது சாம்பல் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள்: சட்டைக் காலர், காகிதம், சுவரின் நிழல் பக்கம். ஐட்ராப்பரை (நிறத்தை அளந்து காட்டும் கருவி) 5×5 பிக்சல் சராசரிக்கு வைத்து அதன் எண்களை இன்ஃபோ பேனலில் படியுங்கள். மஞ்சள் விளக்கடியில் ஒரு வெள்ளைச் சட்டை சிவப்பு 212, பச்சை 186, நீலம் 128 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கர்வ்ஸின் சாம்பல் டிராப்பரால் அதைச் சொடுக்கினால் மூன்றும் ஒரே எண்ணுக்கு வந்துவிடும், சட்டையும் வெள்ளையாகும். முகமோ பிணக்களை அடிக்கும். நீலத்தை 128-லிருந்து 186 வரை தூக்கும்போது நீலச் சேனலின் (படத்தின் நீல நிறப் பகுதி மட்டும்) இரைச்சலும் சேர்ந்து எழும்புகிறது. விளக்கொளியில் நீலம் குறைவு, அதனால் மூன்று சேனலில் அதிகம் அழுக்கானது அதுதான். மேலும் விளக்கடியில் உட்கார்ந்த ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சள் இருப்பதுதான் கண்ணுக்கு நியாயம். ஆகவே டிராப்பரை விட்டுவிட்டுக் கையால் செய்யுங்கள். கர்வ்ஸில் நீலத்தைத் தேர்ந்து 128-ஐ 165-க்குத் தூக்குங்கள். சிவப்பில் 212-ஐ 204-க்கு இறக்குங்கள். பச்சையைத் தொட வேண்டாம். சட்டை இப்போது 204, 186, 165. வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும், முகமும் சுவரும் ஒரே மஞ்சள் குழம்பாக இல்லாமல் பிரிந்து நிற்கும். அது போதும்.

வெள்ளைப் பொருள் எதுவும் இல்லாத ஃப்ரேமுக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. படத்தை நகலெடுத்து, ஃபில்டர் மெனுவில் பிளர், அதற்குள் ஆவரேஜ். மொத்தப் படமும் ஒரே நிறமாகிவிடும்; அதுதான் சாயம். அதை இன்வர்ட் செய்து (எதிர்நிறமாக்கி), பிளெண்டிங்கை (கீழுள்ள லேயரோடு கலக்கும் முறை) சாஃப்ட் லைட்டாக்கி, ஒபாசிட்டியை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். படத்தில் இயல்பாகவே ஒரு நிறம் ஆக்கிரமித்திருந்தால், உதாரணமாகக் காட்டுப் பச்சை நடுவே நிற்கும் ஆள், இந்த உபாயம் ஏமாற்றும். காட்டின் பச்சையையே சாயமென்று எண்ணி முகத்தில் மெஜந்தாவை ஏற்றிவிடும்.

சாயம் போன பிறகுதான் வெளிச்சம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். படத்தை நகலெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டும் ஸ்கிரீன் மோடில் போடு, போதாவிட்டால் இன்னொன்று, இன்னொன்று, மேலே ஒரு சாஃப்ட் லைட் என்ற சூத்திரம் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தின் காலத்தது. அங்கே ஐகான் என்றால் 100×100 பிக்சல், 40 கேபி. அந்த அளவுக்குச் சுருக்கும்போது எந்தக் கோளாறும் காணாமல் போகும், அதனால் சூத்திரம் பலித்தது. இப்போது நாம் செய்யும் அளவில் பலிக்காது. கணக்கைப் பாருங்கள்: இருண்ட சுவரில் வீடியோ நசுக்கல் விட்டுப்போன பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் 30, 33 என்ற அளவில் இருக்கின்றன. மூன்று படி வித்தியாசம் இருட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று ஸ்கிரீன் லேயர் போட்டால் 30 என்பது 100 ஆகிறது, 33 என்பது 108 ஆகிறது. வித்தியாசம் எட்டுப் படி, அதுவும் கண் நன்றாகப் பார்க்கும் நடு வெளிச்சத்தில். கேள்வியில் கேட்ட கட்டங்கள் இவைதான். அவற்றைக் கலரிங் உண்டாக்கவில்லை, மூடியிருந்த போர்வையை விலக்கிவிட்டது.

எனவே இருட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தூக்காதீர்கள். ஒரு கர்வ்ஸ் லேயர், நடுப்பகுதியில் ஒரு புள்ளி வைத்து மெல்லத் தூக்குங்கள். அடியில் 20-ஐ ஒட்டி இன்னொரு புள்ளி வைத்து அதை அங்கேயே பிடித்து நிறுத்துங்கள். சுவரின் கருமை கருமையாகவே இருக்கும். பிறகு முகத்துக்கு மட்டும் இரண்டாவது கர்வ்ஸ். மாஸ்க்கை (லேயர் எங்கே தெரிய வேண்டும் என்று வரையும் மறைப்பு) இன்வர்ட் செய்து, முனை மிருதுவான பிரஷ்ஷை ஃப்ளோ 20 சதவீதத்தில் வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தக் கன்னத்தில் அதிகமும் மறுபக்கம் கொஞ்சமுமாகத் தடவுங்கள். இரு கன்னமும் சமமாக வெளுத்தால் முகம் தட்டையாகிவிடும். இருட்டுக் காட்சி இருட்டாக இருப்பதில் தவறொன்றும் இல்லை. எல்லாக் காட்சியையும் பகலாக்குவது கலரிங்கில் ஒரு கெட்ட பழக்கம் என்பது என் எண்ணம்.

முகம் ஆரஞ்சாவதற்கு விடையும் இதே கர்வ்ஸில் இருக்கிறது. சாதாரண நார்மல் மோடில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் மேலே உள்ள எண் மேலேயும் கீழே உள்ள எண் கீழேயும் போகும். மாநிறத் தோல் ஒன்று சிவப்பு 142, பச்சை 98, நீலம் 70 என்று இருந்தால், அது 160, 97, 60 என்பது போல விரியும். சிவப்புக்கும் நீலத்துக்கும் இருந்த 72 படி இடைவெளி 100 ஆகிவிட்டது. நிறச்செறிவு தானாக ஏறிவிட்டது. பிறகு பிஎஸ்டியில் செறிவைக் கூட்டும் வைப்ரன்ஸ் வேறு இருக்கும், அது இன்னும் ஏற்றும். தீர்வு ஒரு சொடுக்குதான்: வெளிச்சத்துக்கான கர்வ்ஸ், லெவல்ஸ் லேயர்களின் பிளெண்டிங்கை லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள். வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் இருந்த இடத்தில் இருக்கும்.

தோல்

தோலைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, அரைமணி நேரம் ஒரே படத்தைப் பார்த்த கண் எதையும் சரியென்று சொல்லும். எண்ணைப் பாருங்கள். நிறத்தை ஹ்யூ (நிறவகை), செறிவு, பிரைட்னஸ் என்று எண்ணும் எச்எஸ்பி முறையில் தோலின் ஹ்யூ பெரும்பாலும் 10-லிருந்து 30 பாகைக்குள் விழும். வெளுத்த தோலும் கறுத்த தோலும் வேறுபடுவது அதிகமும் வெளிச்சத்திலும் செறிவிலும்தான், ஹ்யூவில் அவ்வளவு இல்லை. வீடியோ கலரிஸ்ட்கள், நிறங்களை வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரே ஒரு கோடு வைத்திருப்பது இதனால்தான். மேலே சொன்ன 142, 98, 70 தோலுக்கு ஹ்யூ 23, பிரைட்னஸ் 56 சதவீதம். ஒரு பிஎஸ்டி போட்டபின் அதே இடம் 205, 165, 150 என்று காட்டினால் ஹ்யூ 16, அதில் குறையில்லை. ஆனால் பிரைட்னஸ் 80. அதாவது அந்த நடிகரை வேறு ஆளாக்கிவிட்டீர்கள். கறுத்த நடிகர்களை வெளுக்க வைக்கும் எடிட்டுகள் மேல் ரசிகர்களுக்குள் வரும் சண்டையெல்லாம் இந்த ஒரு எண்ணைப் பார்க்காததால் வருவது. ‘நான் வேண்டுமென்று செய்யவில்லை, பிஎஸ்டி அப்படி’ என்பது பதிலாகாது. முகத்தில் மாஸ்க் போட எத்தனை நேரம் ஆகும்?

இதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி: அதே தொடரில் அதே நடிகர் பகல் வெளிச்சத்தில் வெளியே நிற்கும் காட்சியிலிருந்து ஒரு கேப் எடுங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு துண்டு வெட்டி, வேலை செய்யும் படத்தின் ஓரத்தில் ஒட்டி, எல்லா அட்ஜஸ்ட்மென்ட்டுக்கும் மேலே வையுங்கள். கடைசிவரை அது உங்கள் உரைகல். இருட்டுக் காட்சியில் முகம் அதைவிடக் கறுப்பாக இருக்கலாம், வெளுப்பாக இருக்கக் கூடாது.

மிச்சமிருக்கும் சின்னக் கோணலுக்குத்தான் செலக்டிவ் கலர் (ஒரு நிறப் பிரிவை மட்டும் மாற்றும் கருவி). தோல் சிவப்பு, மஞ்சள் என்ற இரண்டு பிரிவுக்குள் இருக்கும். முகம் மஞ்சளோடிக் கிடந்தால் மஞ்சள் பிரிவில் யெல்லோவை −15 அளவுக்கு இறக்கி, மெஜந்தாவை +4 ஏற்றுங்கள். வெயிலில் வெந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்புப் பிரிவில் மெஜந்தாவை −8 இறக்குங்கள். உயிரில்லாமல் சாம்பலாக இருந்தால் அதே பிரிவில் சயானை −10. வெளுத்துப்போனதாகத் தோன்றினால் சிவப்பு, மஞ்சள் இரண்டிலும் பிளாக்கை +5 முதல் +10. ரிலேட்டிவ் என்ற தேர்விலேயே இருங்கள். ஆப்சலூட் என்றால் இதே எண்கள் இன்னும் அதிகமாக உறைக்கும். முப்பதைத் தாண்ட வேண்டியிருந்தால் கோளாறு தோலில் இல்லை, சாயம் இன்னும் போகவில்லை; சாயம் எடுக்க முதலில் போட்ட கர்வ்ஸ் லேயருக்குத் திரும்பிப் போங்கள்.

திருத்தவே முடியாத கேப்பும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நீல விளக்கில் எடுத்த கிளப் காட்சி, சிவப்பு அவசர விளக்குக் காட்சி இப்படி. சேனல்ஸ் பேனலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீலக் காட்சியில் சிவப்புச் சேனலில் மூக்கும் கண்ணும் மங்கலாகவாவது தெரிந்தால் வழி உண்டு: சேனல் மிக்சரில் சிவப்பு வெளியீட்டுக்கு ரெட் 75, கிரீன் 30 என்று வைத்துப் பச்சையிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கலாம், நீல வெளியீட்டில் புளூ 75, கிரீன் 20 போதும். கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டி இருந்தால் வெளிச்சம் பெரிதாக மாறாது. சிவப்புச் சேனல் மொத்தமும் கறுப்புச் சேறாக இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லாத தோலை யாரும் வரவழைக்க முடியாது. நல்ல சேனல் எதுவோ அதை வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கலாம், அல்லது அந்த நீலத்தையே கருப்பொருளாக்கி மொத்த எடிட்டையும் அதைச் சுற்றி அமைக்கலாம். பின்னதுதான் பலமுறை அழகாக வரும்.

ஒப்பனை

இனிமேல் கை உங்களுடையது, விதி குறைவு. வைப்ரன்ஸ் +15 முதல் +30. சாச்சுரேஷனைவிட இது நல்லது, ஏனென்றால் ஏற்கெனவே செறிவான நிறத்தையும் தோலையும் இது கொஞ்சம் விட்டுவைக்கும். நிழலில் நீலமும் வெளிச்சத்தில் பழுப்பு மஞ்சளும் வேண்டுமென்றால் கர்வ்ஸின் நீலச் சேனலில் இடது கீழ் முனையை 0-லிருந்து 12-க்கு ஏற்றி, வலது மேல் முனையை 255-லிருந்து 240-க்கு இறக்குங்கள். பழைய பாடங்களில் கருநீலத்தை எக்ஸ்க்ளூஷன் மோடில் போடச் சொல்வார்களே, அதுவும் இதே நேர்கோட்டைத்தான் போடுகிறது; கர்வ்ஸில் செய்தால் அளவு உங்கள் கையில் இருக்கும். கிரேடியன்ட் மேப்பை (வெளிச்சத்துக்கேற்ப நிறம் பூசும் லேயர்) சாஃப்ட் லைட்டில் 15 முதல் 20 சதவீதத்துக்கு வைத்தால் சிதறிய நிறங்கள் ஒரு குடும்பமாகும்.

பின்னணி நிறத்தை மாற்றுவதுதான் பலருக்கும் ஆசை. சுவர் தனி நிறமாக இருந்தால், ஹ்யூ சாச்சுரேஷன் லேயரில் உள்ள விரல் கருவியால் சுவரைச் சொடுக்கினால் அந்த நிறம் மட்டும் பிடிபடும்; ஹ்யூவை நகர்த்திவிட்டு ஆளை மாஸ்க்கில் மறைத்துவிடலாம். சுவர் சாம்பலாக இருந்தால் நகர்த்த அங்கே நிறமே இல்லை. அப்போது புது லேயரில் கலர் மோடு, 1080 கேப்புக்கு 200 பிக்சல் பிரஷ், ஹார்ட்னஸ் 0, தடவிப் பூச வேண்டியதுதான். கலர் மோடு வெளிச்சத்தைத் தொடாது, ஆகவே கறுப்பான பின்னணியில் இளஞ்சிவப்பைப் பூசினால் ஒன்றும் தெரியாது. கறுப்புக்கு ஸ்கிரீன் அல்லது லைட்டன், வெள்ளைக்கு மல்டிப்ளை. நிழல் வெளிச்சம் இருக்கும் சுவரைத் தேர்ந்தால் மாற்றியது தெரியாமல் அமையும், வெறும் வெள்ளைச் சுவர் கார்ட்டூன் மாதிரி தட்டையாகும்.

முடியோரத்தில் பழைய நிறம் கோடாக மிஞ்சுகிறது என்று பலர் புலம்புவார்கள். மாஸ்க் சரியில்லை என்று அவர்கள் மணிக்கணக்கில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். காரணம் அந்த 4:2:0 தான்: பாதி அளவில் இருக்கும் நிறம் விளிம்பைத் தாண்டி ஓரிரு பிக்சல் வழிந்திருக்கிறது. மாஸ்க்கின் விளிம்பை 1 முதல் 2 பிக்சல் ஃபெதர் செய்து (மிருதுவாக்கி), நிறம் முடிக்குள்ளும் கொஞ்சம் புகும்படி விடுங்கள். நிஜத்திலும் சுவரின் நிறம் முடியோரத்தில் ஏறத்தான் செய்யும், அதனால் இது பொய்யாகவும் தெரியாது. இந்த வேலையை முழு 1080 அளவில் செய்துவிட்டுக் கடைசியில் சுருக்குங்கள். அப்போதும் சுவரில் கட்டமோ பட்டையோ மிஞ்சினால், சுவர் மேல் மட்டும் 1 சதவீத மோனோகுரோமேட்டிக் நாய்ஸ் தூவுங்கள். கட்டத்தின் விளிம்பைக் கண் தொடர முடியாமல் போகும்.

ஆறோ எட்டோ படம் கொண்ட செட் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே கேன்வாஸில் அடுக்கி, மிக மோசமான வெளிச்சமுள்ள கேப்பை முதலில் திருத்துங்கள். நல்ல கேப்பை மோசமானதன் பக்கம் இறக்கிக் கொண்டுவரலாம். மோசமானது ஏறி வராது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் திருத்தக் குரூப், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒப்பனைக் குரூப்.

சுருக்குவது, கூர்மை, கிஃப்

அளவை அந்தத் தளம் காட்டும் அளவுக்கே கொண்டுவாருங்கள். டம்ப்ளர் தளத்தில் முழு அகலம் 540. இரண்டு படம் பக்கம்பக்கம் என்றால் தலா 268. மூன்று என்றால் 177, 178, 177. ஒரு பிக்சல் மாறினாலும் தளமே இழுத்துப் பிடிக்கும், கூர்மை போய்விடும். சுருக்கியபின் ஸ்மார்ட் ஷார்ப்பன், ஸ்டில்லுக்கு 100 சதவீதம், ரேடியஸ் 0.3 அல்லது 0.4. கிஃப் செய்பவர்கள் பலரும் 500 சதவீதம், 0.4 என்று வைப்பார்கள். சுருக்கிய கிஃப்புக்கு அது தாங்கும், முழு அளவு ஸ்டில்லில் வைத்தால் தோல் மணற்காகிதமாகும்.

கிஃப்பில் மட்டும் வரிசை மாறும்: முதலில் வெட்டிச் சுருக்கு, பிறகு ஷார்ப்பன், பிறகு கலரிங். இல்லாவிட்டால் நூறு ஃப்ரேமை முழு அளவில் இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திணறும். ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறம்தான் என்பதை மறக்காதீர்கள். பின்னணி முழுக்க மிருதுவான கிரேடியன்ட் போட்டால் அந்த 256-இல் பாதியை அதுவே தின்றுவிடும், முகத்துக்கு மிஞ்சுவது திட்டுகள். கிஃப் கலரிங்கில் நிறங்களைக் குறைப்பது அழகுக்காக மட்டும் அல்ல, தேவைக்காகவும்தான். டித்தரில் (இல்லாத நிறத்தைப் புள்ளிகளால் காட்டும் முறை) டிஃப்யூஷன் கண்ணுக்கு இதம், கோப்பு பெருக்கும். டம்ப்ளரின் 10 எம்பி எல்லைக்குள் வராவிட்டால் டித்தரைக் குறைப்பதற்கு முன் ஃப்ரேமைக் குறையுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் வீடியோவுக்குச் சரியான ஃப்ரேம் இடைவெளி 0.04 நொடிக்கும் 0.05 நொடிக்கும் நடுவில் விழுகிறது, கிஃப்போ நூறில் ஒரு பங்கு நொடியாகத்தான் எண்ணும். 0.05 வைத்தால் அசைவு ஒரு துளி நிதானமாகும், அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஸ்டில்லைச் சேமிக்குமுன் வலைக்கான பொது நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். செய்யும் கம்ப்யூட்டரில் ஒரு நிறம், போனில் வேறு நிறம் என்ற புகாருக்கு அநேகமாக இதுதான் காரணம். எழுத்தோ கிராஃபிக்கோ சேர்ந்திருந்தால் பிஎன்ஜி. வசனத்தைத் தமிழில் போடும்போது கொம்பும் எழுத்தும் இடம் மாறி வந்தால் ஃபான்ட்டைக் குறை சொல்லாதீர்கள். பழைய ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தால் சேர்ந்துகொள்ளும்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ போதும். கர்வ்ஸ், செலக்டிவ் கலர், மாஸ்க் எல்லாம் அட்ஜஸ்ட்மென்ட் லேயராகவே இருக்கின்றன, பிஎஸ்டியும் திறக்கும். ஜிம்ப்பில் 2025-இல் வந்த 3.0-க்குப் பிறகுதான் மூலப் படத்தைக் கெடுக்காமல் ஃபில்டர் அடுக்க முடிகிறது. பழைய ஜிம்ப் என்றால் ஒவ்வொரு படிக்கும் லேயரை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒரு கலரிங்கைப் பகிர்வதாக இருந்தால் திருத்தக் குரூப்பை அழித்துவிட்டு ஒப்பனைக் குரூப்பை மட்டும் கொடுங்கள். முகத்துக்கென்று ஒரு வெற்று மாஸ்க்கையும் சேர்த்து வையுங்கள், அடுத்தவர் அதில் தம் நடிகரை வரைந்துகொள்ளட்டும். அடுத்தவருடைய பிஎஸ்டி ஏற்கெனவே கையில் இருந்தால் அதையும் இப்படியே பிரிக்கலாம்: எல்லா லேயரின் கண்ணையும் மூடிவிட்டு, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள். தோலின் எண்ணைச் சட்டென்று தூக்கும் லேயர்தான் அவருடைய காட்சிக்கான திருத்தம். அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் கர்வ்ஸை வையுங்கள்.